ஆள் இருக்கு, வேலை நிற்குது: கட்டட வேலையில் ஒருவருக்கு இரண்டு தொழில் பழக்கும் முழு வழிகாட்டி

பல்லடம் பக்கம் ஒரு வீட்டுக்குத் தளம் போடும் நாள். காலை ஏழு மணிக்கே கலவை மெஷின் வந்துவிட்டது. ஜல்லி, எம்-சாண்ட், சிமெண்ட் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. கம்பி கட்டும் வேலை முந்தின நாளே முடிந்திருந்தது. காங்கிரீட் போட வந்த 14 பேரும் டீ குடித்துவிட்டு மேலே ஏறத் தயாராக நின்றார்கள். தளத்துக்குள் கரண்ட் பைப் போட வேண்டிய எலக்ட்ரீசியன் மட்டும் வரவில்லை. வேறொரு சைட்டில் மாட்டிக்கொண்டார். ஃபேன் பெட்டி நாலு, லைட் பெட்டி ஏழெட்டு, அவற்றை இணைக்கும் பைப். விவரம் தெரிந்தவருக்கு இரண்டு மணி நேர வேலைதான். அவர் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. அதுவரை 14 பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். காங்கிரீட் இரவு ஒன்பது மணிக்கு, விளக்கு வெளிச்சத்தில் முடிந்தது. கடைசியாகக் கொட்டிய மூலையில் மட்டம் தப்பிவிட்டது. மழை பெய்தால் இன்றைக்கும் அங்கே தண்ணீர் நிற்கிறது.

அன்றைக்குக் கம்பி கட்டும் தம்பி ஒருவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அந்தப் பைப்ப நானே போட்டிருப்பனுங்கண்ணா. எத்தன தடவ பக்கத்துல நின்னு பாத்திருக்கறன். ஆனா அது உன்ற வேல இல்லைன்னு சொல்லிருவாங்க."

திருப்பூர், கோவை, ஈரோடு சுற்று வட்டாரத்தில் வீடும் குடோனும் கட்டிக் கொடுப்பதுதான் என் தொழில். இத்தனை வருசத்தில் ஒன்று தெளிவாகப் புரிந்தது. நம் ஆட்களின் கை மெதுவாக ஓடுவதால் வேலை தாமதமாவதில்லை. ஒரு தொழில்காரர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு வேலை மாறும் இடத்தில்தான் நாள் கணக்கில் நேரம் போகிறது. அந்த இடத்தை அடைக்க எல்லாருக்கும் எல்லா வேலையும் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் தன் வேலையை ஒட்டியிருக்கும் பக்கத்து வேலை தெரிந்தால் போதும். அதைப் படிப்படியாக எப்படிச் செய்வது, எங்கே செய்யவே கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன். சிறு காண்ட்ராக்டர், மேஸ்திரி, சைட் இன்ஜினியர் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது. வீடு கட்டுகிறவர்களுக்கும் கடைசிப் பகுதி பயன்படும்.

உலகம் முழுக்கக் கட்டுமானத் தொழில் இந்த விஷயத்தில் பின்தங்கித்தான் இருக்கிறது. மெக்கின்சி குளோபல் இன்ஸ்டிட்யூட் 2017-ல் வெளியிட்ட அறிக்கைப்படி, முந்தைய இருபது ஆண்டுகளில் கட்டுமானத்தில் ஒரு ஆளின் உற்பத்தி ஆண்டுக்கு 1 சதவீதம்தான் கூடியிருக்கிறது. தொழிற்சாலை உற்பத்தியில் அது 3.6 சதவீதம். பல தொழில் தெரிந்த ஆட்களை வைத்துக் கட்டினால் என்ன ஆகும் என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்து 1998-ல் வெளியிட்டார்கள். கூலிச் செலவில் 5 முதல் 20 சதவீதம் வரை மிச்சமாகும், தேவைப்படும் ஆட்கள் 35 சதவீதம் குறைவார்கள், ஒரு தொழிலாளி அந்தத் திட்டத்தில் தொடர்ந்து வேலையில் இருக்கும் காலம் 47 சதவீதம் கூடும் என்று அதில் வந்தது. பெரிய திட்டத்துக்குப் போட்ட கணக்கு அது. நம் ஊர் 1,500 சதுரடி வீட்டுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் கடைசி எண்ணைக் கவனியுங்கள். தொழிலாளிக்கு வேலை நாள் கூடுகிறது. ஆட்களிடம் இதைப் பேசும்போது நான் முதலில் சொல்வது அதைத்தான்.

கொங்கு நாட்டுக்கு இது புதிதும் இல்லை. தோட்டத்தில் பண்ணையம் பார்க்கிறவர் பால் கறப்பார், தண்ணி கட்டுவார், மோட்டார் நின்றால் ஸ்டார்ட்டரைத் திறந்து பார்ப்பார். திருப்பூரில் பனியன் தைக்கும் பவர் டேபிளில் ஓவர்லாக் மெஷின் மட்டும் தெரிந்தவரைவிட பேட்லாக் மெஷினும் ஓட்டத் தெரிந்த டெய்லருக்கு என்றைக்கும் மரியாதை அதிகம். எந்த மெஷினில் பீஸ் தேங்குகிறதோ அங்கே அவர் நகர்ந்து உட்காருவார். அந்தப் பழக்கம் கட்டட வேலைக்குள் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

படி 1: ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஆறு நாள் வெறுமனே கவனியுங்கள். 40 பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு நாளில் ஆறு முறை, நேரம் முன்கூட்டித் தெரியாதபடி, சைட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொருவரும் அந்த நிமிடத்தில் என்ன செய்கிறார் என்று மூன்றில் ஒரு குறி போடுங்கள். செங்கல் வைப்பது, பூசுவது, கம்பி கட்டுவது போன்றவை 'வேலை'. கலவை எடுத்துக் கொடுப்பது, சாரம் மாற்றுவது, அளவு எடுப்பது 'துணை வேலை'. மூன்றாவது 'காத்திருப்பு'.

கணக்குக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 12 பேர், நாளுக்கு 6 சுற்று, 6 நாள் என்றால் மொத்தம் 432 குறி வரும். அதில் 108 காத்திருப்பு என்றால் கால்வாசி. அதாவது தினமும் மூன்று பேர் முழு நாளும் சும்மா நின்ற கணக்கு.

ஒவ்வொரு காத்திருப்புக் குறிக்கும் பக்கத்தில் காரணத்தை ஒரு வார்த்தையில் எழுதுங்கள்: சாமான், முந்தின வேலை, வரைபடம், ஆள், தண்ணீர், கரண்ட். 'முந்தின வேலை', 'ஆள்' இரண்டும் அதிகமாக வந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்கானது. 'சாமான்' அதிகமென்றால் சிக்கல் வேறு. மணலும் சிமெண்டும் நேரத்துக்கு வர ஏற்பாடு செய்யுங்கள், ஆட்களைத் தொட வேண்டாம்.

நோட்டு எதற்கு என்று முதல் நாளே எல்லோரையும் கூட்டிச் சொல்லிவிடுங்கள். "நீங்க சும்மா நிக்கறத எழுதலைங்க, உங்கள யார் நிக்க வெக்கறாங்கன்னு எழுதறன்" என்றுதான் நான் சொன்னேன். ஒளித்து எழுதினால் கூலி பிடிக்கத்தான் என்று நினைப்பார்கள். அப்புறம் ஒரு வேலையும் நடக்காது.

படி 2: வேலை கை மாறும் இடங்களைப் பட்டியல் போடுங்கள்

ஒரு வீட்டில் இந்த இடங்கள் எண்ணிவிடக் கூடியவைதான். தளத்தில் சென்ட்ரிங் (காங்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்), கம்பி, கரண்ட் பைப், காங்கிரீட். சுவரில் கட்டு வேலை, பைப் பதிக்கக் காடி (நீளப் பள்ளம்) வெட்டுவது, பூச்சு. தரையில் பூச்சு, டைல்ஸ், பெயிண்ட். இவை எல்லாவற்றையும்விட மோசமான இடம் பாத்ரூம். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டே போவோம்.

5 அடிக்கு 8 அடி அறை. பிளம்பர் வந்து கழிவுநீர்ப் பைப் போட வேண்டும். கொத்தனார் பைப் போன ஓட்டையை அடைக்க வேண்டும். வாட்டர் புரூஃபிங் ஆள் வந்து கோட்டிங் அடித்துத் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். பிறகு பள்ளத்தை நிரப்புவது. மறுபடி பிளம்பர் சுவரில் தண்ணீர் லைன் ஓட்டி அழுத்தம் ஏற்றிச் சோதிப்பார். மறுபடி கொத்தனார் பூச்சு. மறுபடி கோட்டிங். அதற்குப் பின் டைல்ஸ்காரர் சுவரும் தரையும் ஒட்டுவார். பின்னால் ஜாயிண்ட் அடைப்பது. கடைசியில் பிளம்பர் மூன்றாம் முறை வந்து குழாய், பேசின் மாட்டுவார். ஏறக்குறைய பத்து முறை கை மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரே ஒரு நாள் காத்திருந்தாலும் பத்து நாள். நம் ஊரில் ஒரு நாளோடு அது நிற்பதில்லை என்பது வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும்.

இதையே இரண்டு பேர் கொண்ட ஒரு ஜோடியிடம் கொடுத்துப் பாருங்கள். பூச்சும் டைல்ஸும் தெரிந்த ஒரு கொத்தனார். காடி வெட்டுவது, கிளிப் அடிப்பது, கோட்டிங் அடிப்பது, ஜாயிண்ட் அடைப்பது எல்லாம் பழகிய ஒரு துணையாள். பிளம்பர் பைப் போட்டு இணைப்பைச் சோதிக்கும்போதும், குழாய் மாட்டும்போதும் வந்தால் போதும். பாக்கி எல்லாம் அந்த ஜோடியின் கையில். கோட்டிங் போன்றவற்றை உரியவர் சரிபார்க்க வேண்டும், அதைப் படி 3-ல் சொல்கிறேன். தரைச் சரிவு, 5 அடிக்கு முக்கால் அங்குலம், யார் தப்பு என்று டைல்ஸ்காரரும் கொத்தனாரும் ஒருவரையொருவர் காட்டும் சண்டையே அங்கே இருக்காது. பூசியவரே டைல்ஸும் ஒட்டுகிறார். தான் விட்ட குறையைத் தானே சுமக்க வேண்டும் என்று தெரிந்தால் பூச்சின்போதே சரிவைப் பார்த்துக்கொள்வார்.

முதல் முயற்சியைப் பாத்ரூமில் தொடங்குங்கள் என்பது என் யோசனை. சின்ன இடம், பலன் கண்ணுக்கு உடனே தெரியும்.

படி 3: எது நெகிழலாம், எது கூடாது

இந்தப் படியைத் தாண்டிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஆர்வக் கோளாறில் உயிர் போகிற வேலை இது. மூன்று வட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வட்டம், பழக்கினால் யாரும் செய்யலாம்: ரிங் (பில்லர், பீம் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) வளைப்பது, கம்பிக் கட்டு போடுவது, கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் வைப்பது, சென்ட்ரிங் ஷீட்டுக்கு எண்ணெய் தடவுவது, தண்ணீர் விட்டு ஆற வைப்பது, டியூப் லெவல் (தண்ணீர்க் குழாய் மட்டம்) பிடிப்பது, ஜாயிண்ட் அடைப்பது, பிரைமர் அடிப்பது.

இரண்டாம் வட்டம், அந்தத் தொழில்காரரின் பொறுப்பிலும் சரிபார்ப்பிலும் மட்டும்: தளத்துக்குள் கரண்ட் பைப்பும் பெட்டியும் வைப்பது, சுவரில் காடி வெட்டுவது, கழிவுநீர்ப் பைப்புக்கு வாட்டம் பார்ப்பது, கோட்டிங் அடிப்பது. காடி வெட்டும்போது பில்லரையும் பீமையும் தொடக்கூடாது என்பதை எழுத்தில் மாட்டி வையுங்கள்.

மூன்றாம் வட்டம், உரியவர் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. வயர் இழுத்து இணைப்பது, போர்டு கட்டுவது, எர்த் சோதிப்பது உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரும் தகுதிச் சான்று உள்ள வயர்மேனும் செய்ய வேண்டியது. உயரச் சாரம் கட்டுவது, ஆழக் குழி வெட்டும்போது பக்கத்துக்கு முட்டுக் கொடுப்பது, வெல்டிங் ஆகியவையும் அதில் சேரும்.

முட்டுப் பிரிப்பதையும் மூன்றாம் வட்டத்தில் வையுங்கள். பிரிக்கிற கை யாருடையதாகவும் இருக்கலாம், முடிவு இன்ஜினியருடையது. காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்கிற குறைந்தபட்சக் காலம் இது: பில்லர், சுவர் போன்றவற்றின் பக்கப் பலகைக்கு 16 முதல் 24 மணி நேரம், 4.5 மீட்டர் வரையுள்ள தளத்தின் முட்டுக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையுள்ள பீமின் முட்டுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். இது சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு. இன்று கடையில் பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி.க்கு (சாம்பல் கலந்த சிமெண்ட்) இன்னும் பொறுக்க வேண்டும். அடுத்த சைட்டுக்கு முட்டு வேண்டும் என்ற அவசரத்தில் சென்ட்ரிங் ஆள் கேட்பார். அவர் கேட்பது அவர் தொழில், மறுப்பது நம் கடமை.

படி 4: கூலியை முதலில் பேசுங்கள்

பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். "எல்லா வேலையும் பழகிக்கப்பா, உனக்குத்தான் நல்லது" என்று சொல்லி, துணையாள் கூலியிலேயே கொத்தனார் வேலையை வாங்குவது. இரண்டு வாரம் நடக்கும். மூன்றாவது வாரம் அந்த ஆள் பக்கத்து சைட்டுக்குப் போய்விடுவார். போவதுதான் நியாயம்.

நான் வைத்திருக்கும் ஏற்பாடு எளிமையானது. அவரவர் அடிப்படைக் கூலி அப்படியே. பழகி, சோதனையில் தேறிய ஒவ்வொரு பக்கத்து வேலைக்கும் நாளுக்கு 50 ரூபாய் கூடுதல். அந்த வேலையை அன்றைக்குச் செய்தாலும் செய்யாவிட்டாலும் அது உண்டு. தெரிந்திருப்பதற்கே கூலி என்றால்தான் பழக வருவார்கள். யாருக்கு எத்தனை வேலை, எவ்வளவு கூடுதல் என்று சிமெண்ட் ரூம் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். சனிக்கிழமை சம்பளத்தில் அது தனி வரியாக வரும்.

சதுரடி ரேட்டுக்கு எடுத்தவர்களிடம் வேறு சிக்கல். டைல்ஸ்காரருக்கு அவர் சதுரடிதான் காசு. அவர் எதற்காக நின்று பூச்சைச் சரி செய்ய வேண்டும்? அதனால் ரேட்டை வேலையாகப் பிரிக்காமல் இடமாகப் பிரியுங்கள். 'ஒரு பாத்ரூம், பூச்சு முதல் ஜாயிண்ட் வரை, தண்ணீர் சோதனை தேறினால் இவ்வளவு' என்று ஒரே தொகையாகப் பேசுங்கள். காத்திருப்பைக் குறைத்தால் லாபம் அந்தக் குழுவுக்கே போகும். அதற்கப்புறம் நீங்கள் விரட்ட வேண்டியதில்லை.

படி 5: யாரைப் பழக்குவது

எல்லோருக்கும் இளவட்டப் பையன்கள்தான் முதலில் கண்ணில் படுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நாலு பேரில் மூன்று பேர் தீபாவளி போனஸ் சமயத்தில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். நிலைத்து நின்றவர்கள் நான் நினைத்தே பார்க்காத ஆட்கள்: சித்தாள்கள்.

காங்கேயம் பக்கம் ஒரு வீட்டில் டைல்ஸ் வேலை நடந்துகொண்டிருந்தது. எங்களோடு பல வருசமாக வரும் அக்கா ஒருவர், டைல்ஸ்காரர் சாப்பிடப் போன நேரத்தில், ஒட்டிய தரையைக் கையில் இருந்த காசால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே நகர்ந்தார். ஓரிடத்தில் நின்று, "ஏனுங்க தம்பி, இந்தக் கல்லுக்கு அடியில வெத்தா இருக்குது" என்றார். எடுத்துப் பார்த்தால் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கலவையே இல்லை. எப்படித் தெரியும் என்றேன். "இருபது வருசமாக் கலவை எடுத்துக் குடுத்திருக்கறனுங்க. காதும் கண்ணும் எங்களுக்கும் இருக்குது. கரண்டியத்தான் யாரும் கையில குடுக்கல."

அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் ஆறு மாதம் பிடித்தது. இப்போது அவர்தான் எங்கள் பாத்ரூம் ஜோடியில் ஒருவர். சுவர் டைல்ஸ் தனியாக ஒட்டுகிறார். சம வேலைக்குச் சம கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. டைல்ஸ் ஒட்டும் ஆணுக்கு என்ன கூலியோ அதுதான் அவருக்கும். இதில் பேரம் கிடையாது. பெண்களைப் பழக்க நினைக்கிறவர்கள் சைட்டில் முதல் நாளே கதவு வைத்த கழிப்பறையும், கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு நிழலில் தொட்டில் கட்ட ஒரு இடமும் ஏற்பாடு செய்துவிட்டு அடுத்ததைப் பேசுங்கள்.

பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்களையும் விட்டுவிடாதீர்கள். மொழி ஒரு தடைதான். ஆனால் மாதிரி ஒன்றைச் செய்து பக்கத்தில் வைத்துவிட்டால் பாதித் தடை போய்விடும். சரியாக வளைத்த ரிங் ஒன்றுக்குப் பச்சைப் பெயிண்ட், தப்பானதற்குச் சிவப்பு. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

படி 6: பழக்கும் விதம்

ஓடும் வேலையில் பழக்காதீர்கள். ஐப்பசி மழையில் வெளிவேலை நிற்கும் நாட்களும், சாமான் வராத அரை நாட்களும்தான் பள்ளிக்கூடம். கட்டு வேலைக்கு, சிமெண்ட் போடாத மண் கலவையில் மூன்றடிச் சுவர் ஒன்று கட்டச் சொல்வேன். தூக்குக் குண்டு, ரசமட்டம், நூல் மூன்றும் பிடித்துப் பார்த்து, இணைப்பு 10 மில்லிமீட்டரில் நிற்கிறதா என்று அளந்து, பிறகு இடித்து, அதே கல்லில் மறுபடி கட்டுவார்கள். ஐந்தாவது முறைக்குள் கை பிடிபட்டுவிடும்.

சாமானும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2021-ல் தடாகம் பள்ளத்தாக்கின் செங்கல் சூளைகள் மூடப்பட்ட பிறகு கோவை வட்டாரத்தில் பிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) கல்லும் சாலிட் பிளாக்கும் பல சைட்டுகளில் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. எடை குறைந்த ஏ.ஏ.சி. பிளாக் என்றால் கலவையே வேறு, மெல்லிய பசை ஜாயிண்ட். முப்பது வருசம் செங்கல் வைத்த கொத்தனாருக்கும் அது புதுப் பாடம்தான். அவரும் புதியவரும் ஒன்றாக உட்கார்ந்து பழக இது நல்ல சந்தர்ப்பம்.

கம்பி வேலைக்கு நான் முதலில் சொல்லித்தருவது ஒரே ஒரு கணக்கு. கம்பியின் மில்லிமீட்டரை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. கம்பி 0.395 கிலோ, 12 மி.மீ. 0.89 கிலோ. இது தெரிந்த சித்தாள் லாரி இறங்கும்போதே எடையைச் சரிபார்த்துவிடுவார். அடுத்து ரிங். கொக்கி 135 டிகிரி, அதாவது உள்பக்கமாகச் சாய்ந்து காங்கிரீட்டுக்குள் போக வேண்டும். வளைவுக்கு அப்பால் நீளம் 65 மி.மீ.க்குக் குறையக்கூடாது. 90 டிகிரியில் வெறுமனே மடக்கிவிடும் பழக்கம் நம் பக்கம் பரவலாக இருக்கிறது. நிலநடுக்கம் வந்தால் பில்லர் முதலில் அவிழ்வது அங்கேதான். புதிதாகப் பழகுகிறவருக்குப் பழைய தப்பு தெரியாது. ஆகவே முதல் நாளே சரியாகப் பழகிவிடுவார். அடுத்தது கவர், அதாவது கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய காங்கிரீட் கனம்: தளத்துக்கு 20 மி.மீ., பில்லருக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50. ஜல்லியை வைத்து முட்டுக்கொடுக்காமல் கவர் பிளாக்தான் வைக்க வேண்டும்.

கற்றுக்கொடுக்கும் மேஸ்திரியின் மனதையும் பாருங்கள். "இவனுக்குச் சொல்லிக்குடுத்தா நாளைக்கு எம்பட வேலைக்கே வந்து நிப்பான்" என்ற பயம் அவருக்கு இருக்கும். அது பொய்ப் பயம் இல்லை. அதனால் ஒருவரைத் தேற்றிக் கொடுத்தால் கற்றுக்கொடுத்தவருக்கும் ஒரு தொகை கொடுக்கிறேன். அந்த ஆள் ஒரு வருசம் நின்றால் மறுபடி ஒரு தொகை.

தேறியவர்களுக்கு முன்அனுபவத் திறனை அங்கீகரிக்கும் அரசுச் சான்றிதழ் வாங்கிக் கொடுங்கள். ஏற்கெனவே தெரிந்த வேலையைச் சோதித்துச் சான்று தருவது அது. படிப்புச் சான்றே இல்லாதவர்களுக்குக் கையில் ஒரு தாள் கிடைப்பது பெரிய விஷயம். கூடவே, 1994 முதல் இயங்கும் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் எல்லோரையும் பதிவு செய்துவிடுங்கள். 18 முதல் 60 வயதுவரை பதியலாம்.

படி 7: தினமும் காலையில் பத்து நிமிடம்

ஒரு பலகையில் இடப்பக்கம் பெயர்கள், மேல்பக்கம் வேலைகள். தெரியாததற்குக் காலி வட்டம், பழகுவதற்குப் பாதி வட்டம், தேறியதற்கு முழு வட்டம். இதை வைத்து ஒரு விதி: கை மாறும் ஒவ்வொரு இடத்துக்கும் முழு வட்டம் உள்ளவர் குறைந்தது இரண்டு பேர். ஒருவர் மட்டுமே என்றால் அவர் ஊர் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) போகிற அன்று நீங்கள் மறுபடி வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவீர்கள்.

காலையில் வேலை தொடங்கும் முன், பலகை முன்னால் நின்று, இன்று எங்கே நிற்கும் என்று கேளுங்கள். 'என்ன வேலை' என்று கேட்காதீர்கள், அது எல்லோருக்கும் தெரியும். எங்கே நிற்கும் என்பது சித்தாளுக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதோடு மூன்று வாரம் முன்னே பாருங்கள். பங்குனி, சித்திரையில் மாரியம்மன் நோம்பி. ஹோலிக்கும் சத் பூஜைக்கும் வடக்கே போகிறவர்கள். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று புதுப் பூச்சையும் தளத்தையும் ஒரு மத்தியானத்தில் உலர்த்திவிடும். அந்த மாதத்தில் தண்ணீர் விட மட்டும் கூடுதலாக இரண்டு பேரை ஒதுக்குவேன். ஆவணியிலும் தையிலும் பால் காய்ச்ச வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் நிற்பார்கள். பக்கத்து வேலை தெரிந்த ஆட்களின் அருமை அந்த இரண்டு மாதத்தில்தான் முழுசாகத் தெரியும்.

படி 8: யார் செய்தது என்று எழுதி வையுங்கள்

இதில் நான் பட்ட அடியைச் சொல்ல வேண்டும். பாத்ரூம் ஜோடி நன்றாகப் போகிறது என்ற துணிச்சலில், ஒரு வீட்டில் கோட்டிங் வேலையைச் சோதனை தேறாத ஒரு பூச்சுக் கொத்தனாரிடம் கொடுத்தேன். நல்ல கைக்காரர். ஆனால் சுவரும் தரையும் சேரும் மூலையை உருட்டி விடாமல், நேர்க்கோணமாக விட்டு அடித்துவிட்டார். தண்ணீர் கட்டிப் பார்க்கவும் நான் நேரம் கொடுக்கவில்லை. குடிபோன மூன்றாம் மாதம் கீழ் அறைச் சுவரில் ஈரம் படர்ந்தது. டைல்ஸை உடைத்து எடுத்து முதலிலிருந்து போட்டோம், செலவு என் கையிலிருந்து. அந்தக் கொத்தனார் மேல் தப்பில்லை. பாதி வட்டத்தை முழு வட்டமாக நினைத்தது நான்.

அதிலிருந்து ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு அட்டை தொங்கும். வேலை, செய்தவர், பார்த்தவர், தேதி. கோட்டிங் முடிந்தால் 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழே இருந்து பார்த்துக் கையெழுத்து. தண்ணீர் லைனுக்கு அழுத்தச் சோதனை முடியாமல் பூச்சு கிடையாது. தளத்துக்குள் போட்ட பைப்பை எலக்ட்ரீசியன் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே காங்கிரீட். அவர் முந்தின நாள் மாலையே வந்து பார்த்துவிட்டுப் போகலாம். காலையில் 14 பேர் அவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

படி 9: மூன்று மாதம் கழித்து மறுபடி நோட்டு

அதே ஆறு நாள், அதே சுற்று. காத்திருப்புக் குறி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கூடவே, உடைத்து மறுபடி செய்த வேலை எத்தனை மணி நேரம், சின்னக் காயம் உட்பட விபத்து எத்தனை என்றும் எழுதுங்கள். காத்திருப்பு குறைந்து, உடைப்பு கூடியிருந்தால் அவசரப்பட்டுப் பழக்கியிருக்கிறீர்கள். படி 6-க்குத் திரும்புங்கள். எல்லாம் குறைந்தும் ஆட்கள் முகம் வாடியிருந்தால் படி 4-ஐப் பாருங்கள். மிச்சமான நேரத்தின் பலன் அவர்கள் கைக்குப் போகவில்லை.

மூன்று நான்கு பேரோடு வேலை பார்க்கிற சின்ன மேஸ்திரிகளுக்கு இந்தப் பலகையும் அட்டையும் தேவைப்படாது. அவர்கள் ஏற்கெனவே எல்லா வேலையும் செய்கிறவர்கள்தான். எட்டுப் பேருக்கு மேல் போகும்போதுதான் ஆளுக்கொரு மூலை பிரிந்து, இந்தச் சிக்கல் தொடங்குகிறது.

வீடு கட்டுகிறவர்களுக்கு

ஒப்பந்தம் பேசும்போது சதுரடி ரேட்டோடு இன்னும் நாலு கேள்வி கேளுங்கள். பாத்ரூமுக்கு முழுப் பொறுப்பு யார்? தண்ணீர் கட்டிப் பார்க்க எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறார்கள்? கரண்ட் வேலைக்கு உரிமம் யார் பெயரில் இருக்கிறது? முட்டுப் பிரிக்கும் தேதியை யார் முடிவு செய்வார்? பதிலை ஒப்பந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். சுவிட்சு எங்கே, குழாய் எங்கே என்பதை, பூச்சுத் தொடங்கும் முன்பே வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து முடிவு செய்து, சுவரில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு ஒரு பிளக் பாயிண்ட்டை இரண்டடி நகர்த்தச் சொன்னால் எலக்ட்ரீசியன், கொத்தனார், டைல்ஸ்காரர், பெயிண்டர் என்று நாலு பேர் மறுபடி வர வேண்டியிருக்கும்.

சித்தாள் டைல்ஸ் ஒட்டுவதைப் பார்த்து, "இவங்களா ஒட்றாங்க?" என்று என்னிடம் கேட்காமல், ஒட்டிய கல்லைக் காசால் தட்டிப் பாருங்கள். எங்கேயாவது வெற்றுச் சத்தம் கேட்டால் அவரிடமே சொல்லுங்கள், எடுத்து மறுபடி ஒட்டித் தருவார்.